பிற்பகலில் மட்டும் வளைந்த கற்றை

1. காலை பத்து மணிக்கு எலக்ட்ரான் கற்றை நேராகப் போனது.
2. பதினொன்றரைக்கு டெக்னீஷியன் ஜெயசீலன் காந்தங்களின் தாங்கிகளைச் சரிபார்த்தார்.
3. இரண்டு மணிக்கு அதே கற்றை இடப்பக்கம் ஒரு கையகலம் விலகிப் போனது.
4. ஒன்பது வேலை நாட்கள் இப்படியே நடந்தது.
5. பத்தாவது நாள், பிழை ஜெயசீலனின் கைவேலையில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
6. பிழை அங்கே இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் குறிப்புகளை ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறவில்லை, வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிறேன். இயந்திரத்தை எப்படிச் சூடேற்றுவது, எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறோம், படியுங்கள். கையேட்டில் எழுத முடியாமல் போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கற்றையைப் பற்றி.

நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. முதல் தடவை பார்க்கும்போது திரையைப் பார்க்காமல் அளவுகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் முதல் நாளைத் தவறவிட்டேன். இரண்டாம் நாள் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கற்றை பாயும் ஹாலில் ஆள் கிடையாது, விளக்கு கிடையாது, கதவுகள் பூட்டியிருந்தன. இந்தப் பக்கம் சுவருக்கு அப்பால் நாங்கள், கேமராவின் கறுப்புத் திரை. பட்டென்று ஒரு சத்தம். இயந்திரத்தின் வாயில் இருக்கும் மெல்லிய டைட்டானியம் தகட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு கோடு. கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. அது மின்னல் இல்லை. மின்னலுக்குக் கிளைகள் உண்டு. இது கிளை விடாமல், யாரோ அளந்து இழுத்தது போல இருந்தது. அந்த நிறம் கற்றையின் நிறம்கூட இல்லை, அது போன வழியில் இருந்த காற்றின் நிறம். நாம் மூச்சு விடுகிற அதே காற்று அப்படி ஒளிர்கிறது. நான் பேனாவைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ஜெயசீலன், "மேடம், ரீடிங் எழுதுங்க, அது ஓடியாப் போவுது?" என்றார். அது ஓடித்தான் போயிருந்தது.

காற்றில் ஒரு கற்றையை நேராக அனுப்புவது ஏன் கடினம் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் தண்ணீர் வேகமாக வரும் ரப்பர் குழாயைக் கையிலிருந்து விட்டுவிட்டால் அது நெளிந்து தரையை அடிக்குமே, கற்றையும் அப்படித்தான். சில மீட்டர் தூரம் ஒழுங்காகப் போகும், பிறகு நுனி நெளியத் தொடங்கும், நெளிவு வளரும், கடைசியில் கற்றையே சிதறிவிடும். இதற்கு நாம் வைத்திருக்கும் வழி, ஒரே துடிப்பாகச் சுடாமல் பத்துத் துடிப்புகளை அடுத்தடுத்துச் சுடுவது. முதல் துடிப்பு போன பாதையில் காற்று சூடாகி மெலிகிறது. இரண்டாவது துடிப்பு அந்த மெலிந்த பாதையிலேயே போகிறது, இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கிறது. மூன்றாவதற்கு வழி இன்னும் எளிது. பத்தாவது துடிப்பு, முதல் துடிப்பு கனவிலும் எட்டாத தூரத்துக்கு நெளியாமல் போய்ச் சேர்கிறது. ஒரு நொடிக்குள் காற்றில் பாதை போட்டு, அது கலைவதற்குள் அதிலேயே நடந்து போய்விடுகிறோம். ஆறு வருடம் ஆகியும் இது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

நம் ஹால் இருக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மைசூர் மைன்ஸ் பக்கம், பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் பழைய சுரங்கக் குழி, ஷாஃப்ட், ஒன்றை ஒட்டிய கல் கட்டடம். தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் சாமான் கிடங்கு. சுவர் ஒரு ஆள் நீளம் தடிமன், கதிர்வீச்சு வெளியே வராது என்பதால்தான் இதைப் பிடித்தோம். ஷாஃப்டின் வாய் கான்கிரீட் பலகையால் மூடியிருக்கிறது. நான் மாரிகுப்பத்தில் பிறந்தவள். இந்த ஊரில் பிறந்த எங்களுக்கு மூடிய ஷாஃப்ட் என்றால் முடிந்துபோன விஷயம். பள்ளிக்குப் போகும் வழியில் நான்கைந்தைத் தாண்டித்தான் போவோம், திரும்பிப் பார்க்க மாட்டோம். வெளியூர்க்காரராக இருந்தால் "அதற்குள் என்ன இருக்கிறது?" என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை.

கேபிள் போடும் வேலை வந்தபோது, தரையில் புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டுமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். ஹாலின் வலப்பக்கச் சுவரோரம் ஏற்கெனவே ஒரு ட்ரெஞ்ச் இருந்தது. அந்தக் காலத்தில் கீழே இருப்பவர்கள் மேலே சைகை கொடுக்கும் மணிக் கம்பி ஷாஃப்டிலிருந்து வந்த வழி. இருக்கிற வழி இருக்கட்டும், அதிலேயே போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். இந்த ஊரில் எதையும் புதிதாகத் தோண்ட மாட்டோம், தோண்டியது போதும் என்ற எண்ணம் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. ட்ரெஞ்சின் மறுமுனை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் எழுத வேண்டிய கட்டத்தில் "பழைய முனை, மூடியது" என்று எழுதினேன். போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தாளிலும் என் கையெழுத்துதான்.

இனி அந்த ஒன்பது நாட்கள்.

அதுவரை நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டும்தான் சுட்டோம்; பிற்பகலிலும் சுடத் தொடங்கியது அந்த நாட்களில்தான். இயந்திரம் சூடேறி முடியக் காலை பத்து மணி ஆகிவிடும். பத்து மணிக்குச் சுட்டால் கற்றை எதிர்ச்சுவரில் இருக்கும் இலக்குத் தட்டின் நட்டநடுவில் விழும். ஜெயசீலன் உள்ளே போய் காந்தத் தாங்கிகளைப் பார்ப்பார். பூமியின் காந்தப்புலம் கற்றையைக் கொஞ்சம் இழுக்கும், அதை ஈடுகட்டத்தான் அந்தக் காந்தங்கள், அவை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கற்றை நகரும். சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குச் சுட்டால் தட்டில் கறை இடப்பக்கம் தள்ளி விழுந்திருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி நடுவில். அவர் தொட்ட பிறகு கெடுகிறது. வேறென்ன நினைப்பீர்கள்?

ஐந்தாவது நாள் நான் கேட்டேன். "ஜெயசீலன், போல்ட்டை எவ்வளவு முறுக்குறீங்க?"

"எப்பவும் முறுக்குற அளவுதான் மேடம்."

"அப்புறம் ஏன் மத்தியானம் மட்டும் போவுது?"

"அத்தத்தான் நானும் கேக்குறேன். பத்து ஷாட்ல மொத ஷாட் எங்க போவுதுன்னு பாத்தீங்களா?"

"தட்டுல பத்தும் சேர்ந்துதானே விழுது."

"தட்ட விடுங்க. கேமரா ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சிகிதே. மொத ஷாட்ட மட்டும் பாருங்க. காந்தம் நவுந்திருந்தா மொதல்ல போற ஷாட்டும் நவுரணும் இல்ல?"

இந்த வாக்கியத்தை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். அதற்குள் முழு விடையும் இருந்தது. நான் சொன்ன பதில், "நேரம் இருந்தா பாக்கறேன்." நேரம் இருந்தது. அன்று மாலை என் பட்டியலில் பதினொரு வேலைகள், அதில் ஏழை முடித்தேன். இது அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. ஒரு டெக்னீஷியன் தன் போல்ட்டுக்காக வாதாடுகிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் அளவும் அந்த முடிவு போட்ட பாதையிலேயே போனது.

பத்தாவது நாள் பெங்களூரிலிருக்கும் திட்டத் தலைவருக்கு அறிக்கை அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை மதிப்பாய்வுக் குழு வருகிறது, அதற்குள் காரணம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். ஒரு பக்க அறிக்கை, ஐந்து குறிப்புகள். நான்காவது குறிப்பில் ஜெயசீலனின் பெயர். வியாழக்கிழமை மதியம் பதில் வந்தது: அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம், மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளலாம். அவரிடம் நானே சொல்ல வேண்டும்.

சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினார்.

"நீங்க எழுதினீங்களா மேடம்?"

"ஆமா."

"சரி." மாட்டிய ஸ்பானரை நேராக்கிவிட்டு, "எட்டு வருஷம் மாரிகுப்பம் ட்ரெயின்ல பெங்களூரு போய் வந்தேன். விடியறதுக்கு முன்ன கெளம்பினா ராத்திரிதான் வூடு. எம் பொண்ணு முழிச்சிகினு இருந்து நான் பாத்ததே ஞாயித்துக்கெழம மட்டும்தான். இங்க வந்த அப்பாலதான் அதுக்கு நான் யாருன்னு தெரிஞ்சிது. இப்ப மறுபடி ட்ரெயின்." பிறகு சிரித்தார். "பரவால்ல, சீசன் டிக்கெட் எப்படி எடுக்கறதுன்னு மறக்கல."

ஆனாலும் அன்றைக்கு நான் சரி என்றே நம்பினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி. இயந்திரம் சூடேறிக்கொண்டிருந்தது, இலக்குத் தட்டை மாற்ற ஹாலுக்குள் போனேன். ஹாலைக் கூட்டித் துடைக்கும் முனியம்மா அக்கா வெள்ளிதோறும் ஊதுபத்தி ஏற்றுவார். அவருடைய மாமனார் காலத்தில் ஷாஃப்ட் வாயில் ஏற்றியது, இப்போது ஷாஃப்டுக்கு மிக அருகில் இருப்பது நம் வலப்பக்கச் சுவர் என்பதால் அங்கே. ஜெயசீலன் தேவாலயத்துக்குப் போகிறவர், ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை முனியம்மா அக்கா வராதபோது அவரே தீப்பெட்டி தேடியதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடமாக அந்த ஊதுபத்தி என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதைப் பார்த்தேன். புகை மேலே எழவில்லை. ஒரு விரல் உயரம் எழுந்து, அப்படியே மடிந்து, தரையோடு படுத்து, ட்ரெஞ்சின் மூடிப் பலகைகளுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் நூல் மாதிரி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, புகை உள்ள போவுது!"

"ஆமா. இன்னா இப்ப?"

"எப்பவும் இப்படியா?"

"காலைல உள்ள இழுத்துக்கும். மத்தியானத்துல மேல தள்ளி மூஞ்சில வுடும், கண்ணு எரியும். அதுக்குத்தான் காலைலயே ஏத்திட்டுப் போயிடறது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நல்லாக் கீதே! ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போவுதுன்னு சயின்டிஸ்டுகிட்ட வந்து ரிப்போர்ட் குடுக்கணுமா நானு? நகரு, தொடைக்கணும்."

நான் நகரவில்லை. ஹாலில் விசிறி இல்லை, சன்னல் இல்லை, சுடும் நேரத்தில் எல்லாம் அடைத்திருக்கும். காற்று அசையவே அசையாது என்று நான் எழுதியிருந்தேன். இங்கே அது ஆற அமர உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். ஒன்பது நாட்களின் கேமராப் பதிவுகளைத் திறந்து, முதல் துடிப்புகளை மட்டும் எடுத்து வரிசையாகப் போட்டேன். காலை பத்து மணியின் முதல் துடிப்பு, நடுவில். பிற்பகல் இரண்டு மணியின் முதல் துடிப்பு, அதுவும் நடுவில். ஒன்பது நாளும் அப்படியே. பிற்பகலில் இரண்டாவது துடிப்பு மயிரிழை இடப்பக்கம், மூன்றாவது இன்னும் கொஞ்சம், பத்தாவது ஒரு கையகலம். காந்தம் நகரவே இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில், காற்றில் போட்ட பாதைதான் நகர்ந்திருந்தது. மூடியது என்று நான் எழுதிய மறுமுனை வழியாக, ஷாஃப்டின் காற்று ட்ரெஞ்சில் வந்து அதைத் தள்ளியது. கற்றை தனக்குப் போட்டிருந்த பாதையை நம்பி அதிலேயே போயிருந்தது.

திட்டத் தலைவருக்குத் தொலைபேசினேன்.

"சார், என் அறிக்கை தப்பு."

"எந்த அறிக்கை?"

"ஜெயசீலன் பேர் இருக்கே, அதுதான். காரணம் காந்தம் இல்ல சார். ட்ரெஞ்ச் ஷாஃப்டுக்குத் திறந்திருக்கு. அந்த ட்ரெஞ்ச்ல கேபிள் போடச் சொன்னது நான்."

"திங்கட்கிழமை குழு வருது. ஹால்ல ஷாஃப்டுக்கு ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா மொத்தமா நிறுத்திடுவாங்க, புரியுதா? அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவா அடைச்சிக்கலாம். அந்தப் பையன் விஷயமும் அப்புறம் பார்க்கலாம்."

அந்தப் பையனுக்கு நாற்பது வயது. திட்டத் தலைவர் கெட்டவர் அல்ல, ஹாலைக் காப்பாற்ற நினைத்தார். எனக்கும் அந்த யோசனை ஒரு கணம் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. 'அப்புறம்' என்ற சொல்லுக்குள் ஜெயசீலன் ரயிலேறிவிடுவார்.

"சார், நாளைக்கு ஒரு நாள் கொடுங்க. விடியக்காலைலருந்து சுடறேன். கற்றை ஷாஃப்ட் காத்தோட சேர்ந்து நகருதுன்னா குழுகிட்ட நானே சொல்றேன், பழி எனக்கு. நகரலைன்னா என் அறிக்கை அப்படியே நிக்கட்டும்."

"உனக்கு இது நல்லதில்லம்மா," என்றார். ஆனாலும் அனுமதித்தார்.

ஜெயசீலனிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "நாளைக்கு நான் எதையும் தொட மாட்டேன்," என்றார். "ஹால் கேட்டுக்கு வெளியில நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். முனியம்மாக்கா சாட்சி. அப்பால யாரும் என் கையச் சொல்லக் கூடாது."

அப்படியே செய்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுட முடிவதற்காக இருட்டோடு இருட்டாக இயந்திரத்தைச் சூடேற்றினோம். அவர் வேப்பமரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனியம்மா அக்கா டீ கொடுக்கும்போதுகூட, "கையத் தொறக்கலாமா? மேடத்தக் கேட்டுட்டு வா," என்று அனுப்பினார். வெளியே காற்றழுத்தம் ஏறி இறங்குவதால்தான் ஷாஃப்டின் காற்று திசை மாறுகிறதா என்று பார்க்க, பாரோமீட்டரை இந்த முறை அரை மணிக்கு ஒருமுறை எழுதினேன். அதுவரை தினம் ஒருமுறை, பத்து மணிக்கு மட்டும் எழுதியிருந்தேன். பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

ஏழு மணி. பத்தாவது துடிப்பு வலப்பக்கம், ட்ரெஞ்சை நோக்கி. ஒன்பது நாட்களில் ஒரு தடவைகூட நாங்கள் பார்க்காத பக்கம். எட்டு மணி, வலப்பக்கம்தான். ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஒன்பதரைக்கு இன்னும் குறைந்தது. பத்து மணிக்குக் காற்றழுத்தம் உச்சத்தில் வந்து நின்றது, கற்றை நட்டநடுவில் விழுந்தது. பதினொன்றுக்கு அழுத்தம் இறங்கத் தொடங்கியது, கற்றை இடப்பக்கம் சாயத் தொடங்கியது. அறையில் நானும் இயந்திரத்தை இயக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் மட்டும். இரண்டு மணிக்கு ஒரு கையகலம். யாரும் எதையும் தொடவில்லை. மூன்றரைக்குத் திரும்பி வரத் தொடங்கியது. நான்கு மணிக்கு அழுத்தம் அடியைத் தொட்டு நின்றது. கற்றை மறுபடி நடுவில்.

கேமராப் படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன். நீல ஊதாக் கோடுகள் வலமிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து இடத்துக்கு, மறுபடி நடுவுக்கு. தினமும் வானத்தின் அழுத்தம் ஏறும்போது ஷாஃப்ட் காற்றை உள்ளே இழுக்கிறது, இறங்கும்போது வெளியே விடுகிறது. சுரங்கத்தின் கீழ்த் தளங்களான அடி லெவல்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது, மேல் லெவல்களில் மைல் கணக்கில் சுரங்க வழிகள் இன்னும் காற்றோடு கிடக்கின்றன. எங்கள் முன்னோர் நான்கு தலைமுறை வெட்டிய வெற்றிடம் அவ்வளவும். ஆள் இறங்கி, ஆளை இறக்கும் கூண்டான கேஜ் இறங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அது தன் பாட்டுக்கு நாளுக்கு இரண்டு முறை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாத அந்த மூச்சை, கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காத ஒரு கற்றை கோடு போட்டுக் காட்டியிருந்தது. நான் பிறந்த ஊரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தது போல உட்கார்ந்திருந்தேன்.

வெளியே போய் ஜெயசீலனைக் கூப்பிட்டேன். வந்தார். படங்களை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக மெதுவாகப் பார்த்தார். தன் வேலை தப்பித்தது என்பது அவர் முகத்தில் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. முதலில் தெரிந்தது வேறு.

"எங்கப்பா கீழ வேலை செய்யும்போது சொல்வாரு, லெவல்ல விளக்கோட சுடர் ஒரு பக்கமா சாயும்னு. நான் சும்மா கதைன்னு நெனச்சேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மொத ஷாட்டப் பாருங்கன்னு சொன்னேனே மேடம்," என்றார்.

"சொன்னீங்க. நான் பாக்கல. மன்னிச்சிடுங்க."

அவர் கடைசிப் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை குழுவிடம் படங்களைக் காட்டி, ட்ரெஞ்ச் முடிவும் அறிக்கையும் என்னுடையவை என்று சொன்னேன். ஹாலை மூன்று மாதம் நிறுத்தினார்கள். என் பதவி உயர்வு நின்றது. குழுவில் ஒருவர் மட்டும் கிளம்பும் முன் படங்களின் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாருடைய பெயரையாவது ஒரு காரணமாக எழுதும் முன், முதல் துடிப்பைப் பாருங்கள். பத்தாவதில் தெரிவது முந்தைய ஒன்பதும் சேர்ந்து செய்தது.

இப்போதைய நிலை இது. ட்ரெஞ்சின் மறுமுனை செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைக்கப்பட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பகலின் எந்த நேரத்திலும் கற்றை எதிர்ச்சுவர் வரை நேராகப் போகிறது. துடிப்புகளின் இடைவெளியை நீட்டினால் இன்னும் நெளிகிறது, ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை. என் பழைய அறிக்கை கோப்பில்தான் இருக்கிறது, அதன் மேல் திருத்தம் சேர்த்துத் தைத்திருக்கிறது. ஜெயசீலனின் ஒப்பந்தம் அந்த மாதமே புதுப்பிக்கப்பட்டது. அவர் என்னோடு வேலை விஷயம் பேசுகிறார், வேறு எதுவும் பேசுவதில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஹாலின் பொறுப்பு அவரிடம். நீங்கள் நால்வரும் காலையில் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.